ஆசிரியர் ஆசனமும் நிருபரின் குறிப்பேடும்

பத்திரிகையாளர் ஒருவர் மறைந்ததும் அவரைப் பற்றி எழுதப்படும் குறிப்புக்களைப் படிப்போர் ஒன்றைக் கவனித்திருப்பர். நிருபராகச் சேர்ந்தார், உதவியாசிரியரானார், செய்தியாசிரியரானார், பிரதம ஆசிரியராக அமர்ந்தார், ஈற்றில் நிறுவனமொன்றின் பணிப்பாளராக உயர்ந்தார் என்று, மாடிப்படிகளை எண்ணுவது போல அவருடைய வாழ்வு எண்ணி முடிக்கப்பட்டிருக்கும். உத்தியோக உயர்வையே வாழ்க்கை உயர்வெனக் கொள்ளும் ஒரு சமுதாயத்தில் இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. கச்சேரி எழுதுவினைஞருக்கும் பாடசாலை அதிபருக்கும் பத்திரிகையாளருக்கும் நாம் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றே.

ஆனால் பத்திரிகைத் தொழிலின் படிகளுக்கு ஒரு தனிக் குணமுண்டு. மேலே ஏற ஏற, மனிதன் சம்பவத்தினின்றும் விலகிச் செல்கிறான். நிருபன் நேரிற் காண்கிறான். கண்டவற்றுள் எவற்றை மக்கள் காணலாம் என்பதை ஆசிரியன் தீர்மானிக்கிறான். அவ்வாசிரியனாக யார் இருத்தல் வேண்டும் என்பதை உடைமையாளன் தீர்மானிக்கிறான். எனவே, ஒருவன் எத்தனை படிகள் ஏறினான் என்று கேட்பதோடு, ஏறிய பின்னரும் அவன் கண் எங்கே இருந்தது என்றும் கேட்டல் வேண்டும்.

இப்படிகள் யாவற்றையும் ஏறிக் கடந்தவர் டார்சி வித்தாச்சி. 1921 இல் பிறந்து 1993 இல் மறைந்த இவர், 1953 இல் முப்பத்திரண்டு வயதினராக இருந்தபோதே, ‘சிலோன் ஒப்சேவர்’ பத்திரிகையின் ஆசிரியரானார். 1834 இல் தோன்றிய பத்திரிகை அது. வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகளின் காலத்திலிருந்து தொடர்ந்து வந்தது. அதன் ஆசனத்தில் ஓர் இளைஞர் அமர்ந்தமை அந்நாளிற் பெரிய செய்தி. 1959 இல் ஆசியாவின் உயர்ந்த கௌரவங்களுள் ஒன்றான மகசேசே விருது அவருக்குக் கிடைத்தது. 1960களிற் பன்னாட்டுப் பத்திரிகை நிறுவனத்தின் ஆசியப் பணிப்பாளராக இருந்தார். 1980களில் ஐக்கிய நாடுகள் சிறுவர் நிதியத்தின் துணை நிறைவேற்றுப் பணிப்பாளராக இருந்தார். வாழ்க்கைக் குறிப்பு எழுதுவோனுக்கு இதனினும் வசதியான மாடிப்படி வாய்த்தல் அரிது.

எனினும், அவருடைய வாழ்வின் உச்சி இப்படிகளின் மேல்முனையில் இல்லை என்பதே எனது துணிபு. நடுப்படியொன்றில் நின்றவேளை, அவர் தாமாகவே கீழிறங்கி வந்தார். ஆசிரியராக இருந்துகொண்டே மறுபடியும் நிருபரானார். அந்தச் சில மாதங்களே அவரைப் பத்திரிகையாளர் என்ற பெயருக்கு முற்றும் உரியவராக்கின. இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தமிழ் படித்துத் தமிழ் படிப்பிக்கும் ஒருவன், ஆங்கிலத்தில் எழுதிய ஒரு சிங்களப் பத்திரிகாசிரியரைப் பற்றி எழுத முற்படுவதேன் என வாசகர் கேட்கக்கூடும். அதற்குக் காரணமாய் இருந்தவர் என் அப்பப்பா. 1958 இல் அவர் கொழும்பிலே திணைக்களமொன்றில் எழுதுவினைஞராக இருந்தார். அவ்வாண்டு ஜூன் மாதத்தில் அகதி முகாமிலிருந்து கப்பலேறிக் காங்கேசன்துறையில் வந்திறங்கியவர், பின்னர் தம் வாழ்நாளில் கொழும்புக்குப் போகவேயில்லை. சிறுவனாக இருந்தபோது நான் எத்தனையோ முறை கேட்டதுண்டு. “கப்பலிலை வந்தனாங்கள் தம்பி” என்பார். கப்பலில் தந்த தேநீரைப் பற்றிச் சொல்வார். தலைமாட்டில் வைத்துறங்கிய தகரப் பெட்டியைப் பற்றிச் சொல்வார். கப்பலுக்கு முந்திய நாட்களைப் பற்றி வாய் திறவார். வீட்டில் அந்த நாட்களுக்கு ஒரு பெயர்கூட இருக்கவில்லை. ‘ஐம்பத்தெட்டு’ என்ற எண் மட்டுமே இருந்தது.

அவ்வெண்ணை ஒரு நூலின் முதுகிற் கண்டது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திற் பயின்ற காலத்தில். ‘எமேர்ஜென்சி 58’ என்பது அந்நூலின் பெயர். 1958 ஆம் ஆண்டிலேயே லண்டனில் அந்திரே டொய்ச் நிறுவனம் வெளியிட்டது. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாலு நாட்களில் வாசித்து முடித்தேன். அப்பப்பா சொல்லாமல் விட்டதை, அவர் பெயரையே அறியாத ஒருவர், அவருடைய இனத்தைச் சேராத ஒருவர், நாள் குறித்து, இடம் குறித்து எழுதி வைத்திருந்தார். நமது துயரத்தை நாமே சொல்வதற்கும், அத்துயரை விளைத்த தரப்பிலே பிறந்த ஒருவர் அதனைச் சாட்சியாக நின்று சொல்வதற்கும் இடையே உள்ள வேறுபாட்டை அன்றுதான் உணர்ந்தேன்.

வித்தாச்சி வளர்ந்த சூழலை முதலிற் காண்போம். ஒப்சேவர், லேக் ஹவுஸ் என நாம் அழைக்கும் நிறுவனத்திற்குரியது. டி. ஆர். விஜேவர்த்தனா கட்டியெழுப்பிய அந்நிறுவனத்தின் கையில் ‘டெயிலி நியூஸ்’, ‘தினமின’, ‘தினகரன்’ முதலாக மூன்று மொழிப் பத்திரிகைகளும் இருந்தன. 1950 இல் அவர் இறந்தபின் அது அவருடைய குடும்பத்தினர் வசமாயிற்று. நிலவுடைமையாளரும் வர்த்தகரும் ஆங்கிலம் கற்ற உத்தியோகத்தரும் கொண்ட ஒரு வர்க்கத்தின் குரலாகவே அது ஒலித்தது. இடதுசாரிகளை அது எதிர்த்தது. தொழிலாளர் வேலைநிறுத்தங்களை எதிர்த்தது. 1956 இல் ஆட்சிக்கு வந்த எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்காவையும் எதிர்த்தது. அப்பத்திரிகைகளைப் பற்றி நம் முன்னோடிகள் கூறிய கடுஞ்சொற்கள் யாவும் ஆதாரமற்றவை என்று கூறிவிட முடியாது.

அந்த வீட்டிலேதான் வித்தாச்சி எழுதினார். ‘ஃபிளை பை நைட்’ என்ற புனைபெயரில் அவர் எழுதிய அங்கதப் பத்தி, அமைச்சரையும் உறுப்பினரையும் எள்ளி நகையாடியது. வாசகர் சிரித்தனர். ஆனால் ஒன்றை மறத்தலாகாது. ஆளும் வர்க்கம் தன்னைப் பற்றிய நகைச்சுவையை ஓரளவுக்கு விரும்பும். மேசையிற் பரிமாறப்படும் ஊறுகாய் போல அதனையும் ஏற்கும். அப்பத்தியோடு அவர் வாழ்வு முடிந்திருந்தால், கெட்டிக்காரர் ஒருவர் இருந்தார் என்பதற்கு மேலாக இன்று சொல்வதற்கு எதுவும் இருந்திராது.

1958 வந்தது. 1956 இல் தனிச் சிங்களச் சட்டம் நிறைவேறியது. 1957 ஜூலையில் பண்டாரநாயக்காவும் செல்வநாயகமும் ஓர் உடன்படிக்கை செய்தனர். 1958 ஏப்பிரலில், பிக்குமாரின் எதிர்ப்புக்கு முன் நிற்க இயலாமற் பிரதம மந்திரி அதனைக் கைவிட்டார். மே 22 ஆம் நாள் பொலனறுவைப் புகையிரத நிலையத்திலே தமிழ்ப் பிரயாணிகளைத் தேடிக் காடையர் தாக்கினர். அடுத்த சில நாட்களில் தீ நாடெங்கும் பரவிற்று. மே 27 ஆம் நாள் அவசரகால நிலை பிரகடனஞ் செய்யப்பட்டது. சேர் ஒலிவர் குணதிலக்கா மகாதேசாதிபதியாக இருந்த நாட்கள் அவை. பத்திரிகைகளுக்குத் தணிக்கை வந்தது. நிருபர்கள் கண்டவை ஆசிரியபீடம் வரை வந்தன. அதற்கப்பால் அச்சியந்திரத்தை எட்டவில்லை.

இந்த இடத்தில் ஓர் ஆசிரியருக்குப் பல வழிகள் திறந்திருந்தன. தணிக்கையாளரைக் காரணங்காட்டி மௌனமாயிருக்கலாம். அம்மௌனத்தை எவரும் குறை கூறார். சமாதானம் வேண்டுமென்று பொதுப்படையான தலையங்கம் எழுதலாம். இரு பக்கத்தாரும் மெச்சுவர். வித்தாச்சி இவற்றுக்கப்பால் வேறொன்று செய்தார். எது நடந்தது, எங்கே நடந்தது, எது முந்தி நடந்தது, எது பிந்தி நடந்தது, எதனை யார் சொன்னார்கள் என்று, ஒரு கற்றுக்குட்டி நிருபர் செய்ய வேண்டிய வேலையைச் செய்யத் தொடங்கினார். நாட்டில் அச்சேற முடியாதவை கடல் கடந்து நூலாயின.

அந்நூலின் வலிமை எங்கே இருக்கின்றது என்பதற்கு இரண்டு உதாரணங்கள் தருவேன்.

மே 25 ஆம் நாள் நுவரெலியாவின் முன்னாள் நகரபிதா ஒருவர், சிங்களவர், மட்டக்களப்புப் பகுதியிற் கொல்லப்பட்டார். மறுநாள் வானொலியில் உரையாற்றிய பிரதம மந்திரி, அக்கொலையைப் பெயர் சுட்டிக் கூறி, ஏனைய இடங்களில் நிகழ்ந்த வன்முறை அதன் விளைவென்று நாடு எண்ணுமாறு பேசினார். வித்தாச்சி அவ்வுரைக்கு எதிராகக் கோபித்து எழுத வேண்டியிருக்கவில்லை. நாட்காட்டியை எடுத்து முன்னே வைத்தார். பொலனறுவைச் சம்பவம் அதற்கு முந்தியது என்பது தெளிவாயிற்று. நாட்களை ஒழுங்காக அடுக்கிக் காட்டினாற் போதும். அதிகாரத்தின் பொய் தானாகவே வெளிப்பட்டுவிடும் என்பதை அப்பக்கங்கள் காட்டுகின்றன.

மற்றொன்று பாணந்துறையில் நடந்தது. அவ்வூரைச் சேர்ந்த சிங்கள ஆசிரியை ஒருத்தியை மட்டக்களப்பிலே தமிழர் சித்திரவதை செய்து கொன்றுவிட்டனர் என்றொரு கதை பரவியது. அக்கதையை நம்பிய கூட்டம் பாணந்துறையில் இந்துக் கோயிலொன்றின் பூசகரை உயிரோடு எரித்தது. பின்னர் விசாரித்தபோது, பாணந்துறையிலிருந்து சென்று மட்டக்களப்பிற் படிப்பித்த அப்படியோர் ஆசிரியையே இருந்ததில்லை என்பது தெரிய வந்தது. இல்லாத ஒரு பெண்ணுக்காக இருந்த ஒரு மனிதன் எரிக்கப்பட்டான். இதனை எழுதி வைத்தவர், கதைக்கும் செய்திக்கும் இடையே உள்ள தூரம் ஒரு மனித உயிரின் தூரம் என்பதை நமக்குக் காட்டினார். ஆசிரியத் தொழில் செய்யும் நாம் இதனை இரு முறை வாசித்தல் நன்று.

மேலும், மட்டக்களப்பிலும் யாழ்ப்பாணத்திலும் சிங்களவர்மீது தமிழர் நடத்திய தாக்குதல்களையும் அவர் விட்டுவிடவில்லை. நூலின் முடிவில் அவர் தீர்ப்பு வழங்கவில்லை. இவ்விரு மக்களும் பிரிந்து செல்லும் வழிமுனைக்கு வந்துவிட்டனரோ என்ற கேள்வியோடு நிறுத்திக்கொண்டார். 1977, 1981, 1983 என்று நாம் எண்ணியெண்ணிப் பழகிய ஆண்டுகள் அக்கேள்விக்குப் பின்னே வரிசையாக நிற்கின்றன.

இனி, எதிர்வாதங்களுக்கு வருவோம். இச்சஞ்சிகையின் வாசகருள் ஒரு சாரார் கேட்கக்கூடியவை எனக்குத் தெரியும். லேக் ஹவுஸ் பண்டாரநாயக்காவை வர்க்க விரோதத்தால் வெறுத்தது. ஆதலால் அவரைக் குறைகூறும் நூலொன்று அந்நிறுவனத்து ஆசிரியரிடமிருந்து வந்ததில் என்ன வியப்பு என்று கேட்பர். கேள்வி நியாயமானதே. நூலிலே பிரதம மந்திரியின் பலவீனம் மிகுதியாகவும், அவரை அந்நிலைக்குத் தள்ளிய பொருளாதார, வர்க்கச் சக்திகள் குறைவாகவும் பேசப்படுகின்றன என்பதை நானும் ஒப்புவேன். கிராமத்து இளைஞனுக்கு உத்தியோகம் இல்லை; நிலமில்லை; அவனுடைய பசியை மொழிவெறியாக மாற்றியவர் பலர். இந்தக் கணக்கு முழுமையாக அந்நூலில் இல்லை. ஆனால் எரிந்த வீடு, எழுதியவனின் வர்க்கத்தைப் பொறுத்து எரியாத வீடாகிவிடுமா? சாட்சியை அவனுடைய முதலாளியைக் கொண்டு மட்டும் எடை போடுவோமானால், உண்மையை எடை போட நம்மிடம் படிக்கல் எதுவும் எஞ்சாது.

பத்திரிகை உடைமை பற்றிய நமது வரலாறும் இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. முதலாளிமாரின் பிடியிலிருந்து பத்திரிகைகளை மீட்க வேண்டுமென்று இடதுசாரிகள் நெடுங்காலம் முழங்கினர். இலங்கைச் சமசமாசக் கட்சியும் சேர்ந்திருந்த அரசாங்கம் 1964 டிசம்பர் 3 ஆம் நாள் ஒரேயொரு வாக்கினால், 74 க்கு 73 என்று தோற்றமைக்குப் பத்திரிகை மசோதாவே உடனடிக் காரணம். 1973 இல் சட்டமியற்றி லேக் ஹவுஸை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. குடும்பத்தின் பிடி அகன்றது என்னவோ உண்மை. அதன் பின் வந்த ஒவ்வோர் அரசாங்கமும் தன் ஆட்களையே அதன் தலைமையில் நியமித்து வந்தது. மக்களுடைமை என்ற பெயரில் மந்திரியுடைமை உண்டாயிற்று. 1956 இல் தனிச் சிங்களத்தை நாடாளுமன்றத்தில் எதிர்த்து வாதாடிய கட்சியினரே, 1972 இல் அதற்கு அரசியலமைப்பிலே இடமளித்தனர் என்பதும் நம் வீட்டுக் கதைதான். ஆகவே, உடைமை மாறினால் உண்மை தானே வந்துவிடும் என்ற நம்பிக்கைக்கு வரலாறு துணை நிற்கவில்லை. உடைமை மாறத்தான் வேண்டும். அதனோடு, தன் பக்கத்தாரின் பிழையைத் தானே எழுதும் மனிதனும் வேண்டும்.

மற்றொரு குறையை நானே கூறுவேன். நூல் ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. பாணந்துறையிலே வதந்தியை நம்பியவன் அதனை வாசிக்கும் நிலையில் இல்லை. கப்பலேறிய தமிழ்த் தொழிலாளியும் அவ்வாறே. இந்த இடைவெளியை வித்தாச்சி அறியாதவரல்லர். 1962 இல் அவர் எழுதிய ‘பிறவுண் சாஹிப்’ என்ற நூலில், வெள்ளையர் போனபின் அவர்தம் ஆசனத்திலும் அவர்தம் நடையுடை பாவனையிலும் அமர்ந்துகொண்ட சுதேசத் துரைமாரைத் தோலுரித்தார். அத்துரைமாரின் மொழியிலேயே, அத்துரைமார் வாசிப்பதற்காக அது எழுதப்பட்டது என்பதே அதன் சோகம்.

இனி, அவர் ஏறிய மேற்படிகளைப் பார்ப்போம். 1959 இல் மகசேசே விருதை அவரோடு பகிர்ந்துகொண்டவர் பர்மாவின் ‘த நேஷன்’ பத்திரிகை ஆசிரியர் எட்வேர்ட் மைக்கல் லோ-யோன். 1962 இல் நே வின்னின் இராணுவம் ரங்கூனில் ஆட்சியைப் பிடித்தது. அடுத்த ஆண்டில் லோ-யோன் சிறையிடப்பட்டார். 1968 வரை அங்கே இருந்தார். ஒரே மேடையில் ஒரே விருதுக்குரியவராய் நின்ற இருவருள் ஒருவருக்குச் சிறையும், மற்றவருக்கு அந்நிய நாட்டு வாழ்வும் வாய்த்தன. ஆசியாவில் அக்காலத்திலே பத்திரிகாசிரியராக இருப்பதன் விலையை இதனினும் சுருங்கக் கூற முடியாது.

பன்னாட்டுப் பத்திரிகை நிறுவனத்தின் ஆசியப் பணியில், நாடு நாடாகச் சென்று இளம் பத்திரிகையாளருக்குப் பயிற்சி அளிப்பதில் வித்தாச்சி ஈடுபட்டார். அமெரிக்க அறநிதியங்களின் பணம் அதன் பின்னால் இருந்தது. அதுவும் கெடுபிடிப் போரின் காலம். இதையும் மறைக்க வேண்டியதில்லை. 1967 இல் மணிலாவைத் தலைமையிடமாகக் கொண்டு ஆசியப் பத்திரிகை மன்றம் உருவாயிற்று. அதன் முன்னணி உழைப்பாளருள் அவரும் ஒருவர். அம்மன்றத்தோடு தொடர்புடையவர்களிடமிருந்தே ‘அபிவிருத்திப் பத்திரிகைத் தொழில்’ என்ற கருத்துப் பிறந்தது. மந்திரியின் பேச்சை மட்டும் செய்தியாகக் கொள்ளாது, நெல் விலை, குடிநீர், குழந்தை மரணம், மக்கட்டொகை ஆகியவற்றையும் ஆராய்ந்து எழுத வேண்டும் என்பது அதன் சாரம். ‘டெப்த்நியூஸ்’ என்ற செய்திச் சேவை இதற்கென்றே நடத்தப்பட்டது.

நல்ல கருத்துத்தான். ஆனால் 1972 இல், அதே மணிலாவில், மார்க்கோஸ் இராணுவச் சட்டம் பிறப்பித்துப் பத்திரிகைகளை மூடினார். அபிவிருத்தி வேண்டுமாயின் அரசை விமர்சிக்கலாகாது என்று அவர் போன்றோர் அக்கருத்தையே திரித்துக்கொண்டனர். விவசாயியின் பக்கம் நின்று எழுதுவதற்காகப் பிறந்த சொல், அணைக்கட்டுத் திறப்பு விழாவிற் கத்தரிக்கோல் பிடிக்கும் சர்வாதிகாரியின் சொல்லாயிற்று. படிகளின் மேலே நின்று வகுக்கப்படும் கொள்கைகளுக்கு இந்த ஆபத்து என்றுமுண்டு. ஒரு கொள்கையை எவரும் களவாடித் தமதாக்கலாம். மே 22 முந்தியது, மே 25 பிந்தியது என்ற குறிப்பை அவ்வாறு களவாட முடியாது.

இவ்வாறு கூறுவதால், அவருடைய பிற்காலப் பணி வீண் என்பது கருத்தன்று. வயிற்றோட்டத்தால் நீரிழந்து சாகும் குழந்தையை, உப்பும் சீனியும் அளவறிந்து கலந்த நீரினாற் காப்பாற்றலாம் என்ற செய்தியை ஏழைத் தாய்மாரிடம் சேர்ப்பது 1980களிற் சிறுவர் நிதியத்தின் முதன்மைப் பணிகளுள் ஒன்று. அரசியல்வாதியின் பேச்சை விட அச்செய்தி பெரிது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அங்கே அவர் ஒரு நிறுவனத்தின் குரல். ‘எமேர்ஜென்சி 58’ இல் அவர் ஒரு சாட்சி. இரண்டும் வேண்டியவையே. இரண்டாவதற்கே துணிவு கூடுதலாக வேண்டும்.

இவையெல்லாம் நம் கையிலுள்ள பிள்ளைகளுக்கு எவ்வகையிற் பொருந்தும் என்று கேட்கலாம். சில ஆண்டுகளுக்கு முன் உயர்தர வகுப்புக் கலைப்பிரிவிலே என்னிடம் படித்த ஒரு மாணவன், பத்திரிகையாளனாக வரவேண்டும் என்ற பெருவிருப்புடையவன். அவனூர்க் கோயிலின் தேர்த் திருவிழாவில் ஒரு சண்டை நடந்தது. இரு குழுக்களுக்கிடையே கைகலப்பு என்று பத்திரிகையில் நாலு வரி வந்தது. யார் அக்குழுக்கள், எதற்காகக் கைகலந்தனர் என்பதை அந்த நாலு வரிகளிலிருந்து எவரும் அறிய முடியாது. ஊரில் எல்லாருக்கும் தெரியும். ஒரு தெருவைச் சேர்ந்த பொடியன்கள் தேர்வடத்தைத் தொட்டார்கள். தொடக்கூடாதென்று மற்றவர்கள் பறித்தார்கள். சாதி என்ற சொல்லை அச்சிலிருந்து அகற்றிவிட்டால் அது ஊரிலிருந்தும் அகன்றுவிடும் என்று நமது பத்திரிகைகள் எண்ணுகின்றன போலும்.

பாடசாலைச் சஞ்சிகைக்குப் பொறுப்பாசிரியனாக நான் இருந்த ஆண்டு அது. இச்சம்பவத்தை எழுதப்போகிறேன் என்று மாணவன் வந்து நின்றான். வித்தாச்சியின் கதையை அவனுக்குச் சொன்னேன். ஒரு தாளை மூன்றாகப் பிரித்து, நீ கண்டது, கேட்டது, ஊகித்தது என்று தனித்தனியே எழுதிக்கொண்டு வா என்றேன். அவன் இரண்டு தெருக்களுக்கும் போனான், வைத்தியசாலைக்கும் போனான். மூன்றாம் பகுதியை முற்றாக வெட்டிவிட்டு வந்தான். மீதியில் ஒரு வரி இருந்தது: வடத்தைப் பறித்தவர்களுள் முன்னின்றவர் அவனுடைய சொந்த மாமா. அந்த வரியை எழுதியபோது அவன் கை நடுங்கியிருக்க வேண்டும். எழுத்துக்கள் அவ்விடத்தில் மட்டும் கோணலாயிருந்தன.

இரண்டு நாட் கழித்து அவனுடைய தாயார் என் வீட்டுப் படலையில் வந்து நின்றார். “மாஸ்டர், நீங்கள் ஒருக்கால் சொல்லுங்கோ, அவன் கேப்பான். எனக்கு இவன் ஒருத்தன்தான். பேப்பருக்கு எழுதின பிள்ளையளுக்கு என்ன நடந்ததெண்டு நாங்கள் இஞ்சை இருந்து பாத்தனாங்கள்தானே?” என்றார்.

அவர் பார்த்ததை நானும் அறிவேன். 2000 ஆம் ஆண்டு அக்டோபர் 19 ஆம் நாள், யாழ்ப்பாண நகரில் ஊரடங்கு வேளையில், மயில்வாகனம் நிமலராஜன் தம் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். பிபிசியின் சிங்கள சேவைக்கும் ‘ராவய’ என்ற சிங்களப் பத்திரிகைக்கும் செய்தி அனுப்பியவர் அவர். யாழ்ப்பாணத்தில் நடப்பதைச் சிங்கள மக்களுக்கு அவர்தம் மொழியிலேயே அறிவித்தமை, ஆயுதம் வைத்திருந்தோருக்குப் பெருங்குற்றமாகத் தோன்றியது. வித்தாச்சியின் நூலில் நான் கண்ட குறையை நிமலராஜன் தம் உயிரைக் கொடுத்து நிரப்ப முயன்றார் என்றே கருதுகின்றேன். 2005 ஏப்பிரலில் தர்மரத்தினம் சிவராம் கடத்திக் கொல்லப்பட்டார். 2009 ஜனவரி 8 ஆம் நாள் ‘சண்டே லீடர்’ ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்க நடுத்தெருவிற் கொல்லப்பட்டார். தமிழரும் சிங்களவரும் ஆகிய இவர்களுக்கிடையே அரசியற் கருத்து வேற்றுமைகள் நிறைய உண்டு. கண்டதை எழுதியமை மட்டும் இவர்களுக்குப் பொது.

ஒரு தாயின் முன்னால் இந்தப் பெயர்களை வீரப் பட்டியலாக வாசிக்க எவனாலும் முடியாது. அவரிடம் நான் ஒன்றே சொன்னேன். “அம்மா, அவன் பேப்பருக்குப் போறானோ இல்லையோ எனக்குத் தெரியாது. ஆனால் இந்த வரியை வெட்டச் சொல்லி நான் அவனுக்குச் சொன்னால், பிறகு என்னத்தைப் படிப்பிக்கிறது?” அவர் பதில் கூறவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். கட்டுரை சஞ்சிகையில் வெளிவந்தது. மாமாவின் வரியும் அதில் இருந்தது. அடுத்த ஆண்டு சஞ்சிகைப் பொறுப்பு வேறொருவரிடம் சென்றது. மாணவன் வீட்டிலே சில மாதங்கள் மாமன் குடும்பத்தோடு பேச்சு வார்த்தை இல்லை. பின்னொரு நாள், மற்றத் தெருவைச் சேர்ந்த முதியவர் ஒருவர் அச்சஞ்சிகையின் ஒரு பிரதி கேட்டு என்னிடம் வந்தார். வாசிக்கத் தெரியாதவர். பேரப்பிள்ளை வாசித்துக் காட்டினானாம். வீட்டில் வைத்திருக்க வேண்டுமாம்.

பத்திரிகைத் தொழில் அதன் மிகச் சிறிய அளவில் இதுவே. ஒரு ஆசிரியபீடத்துக்கு ஒரு தேசமும் ஒரு பாடசாலைச் சஞ்சிகைக்கு ஒரு தெருவும் களமாகலாம். களத்தின் அளவு வேறுபடும், சோதனை ஒன்றே. எதிரியின் குற்றத்தை எழுதுவதற்கு மை போதும். நம்மவர் குற்றத்தை எழுதும்போதே பேனை கனக்கிறது. அந்தக் கனத்தைத் தாங்கி எழுதப்பட்டமையால்தான் வித்தாச்சியின் நூல் அறுபதாண்டுகளுக்கு மேலாகியும் சாட்சியாய் நிற்கின்றது. அவர் வகித்த பதவிகளைப் பின்னர் வேறு பலரும் வகித்தனர்; அவை யாவும் அடுத்தவருக்குக் கைமாறும் ஆசனங்கள். பாணந்துறையில் இல்லாத ஆசிரியையைத் தேடிய அந்தத் தேடல் கைமாறுவதற்குரியதன்று; ஒவ்வொருவனும் தானே தொடங்கவேண்டியது.

பத்திரிகையாளராக விரும்பும் நம் மாணவர்களுக்கு ஆசிரியத் தலையங்கம் எழுதக் கற்பிப்பதற்கு முன்னர், ஒரு வதந்தியை அதன் வீடுவரை பின்தொடர்ந்து செல்லக் கற்பிப்போம். சிங்களம் கற்கவும் தூண்டுவோம்; பாணந்துறையானுக்குப் பாணந்துறையின் மொழியிற் சொல்லவல்ல தமிழ் இளைஞரும், யாழ்ப்பாணத்தானுக்குத் தமிழிற் சொல்லவல்ல சிங்கள இளைஞரும் இந்நாட்டுக்கு இன்றும் போதிய அளவில் இல்லை. வித்தாச்சி 1958 இல் நிறுத்திய கேள்வி, ஆங்கிலத்தில் மட்டும் கேட்கப்பட்டதால், உரியவர்களின் செவியை அடையாது நின்றுவிட்டது. அதனை அவரவர் தாய்மொழியில், அவரவர் வீட்டு வாசலில் நின்று கேட்கும் வேலை மீதியிருக்கின்றது.